சக்கரத்தில் அடுத்தடுத்த எண்கள், காதில் அபசுரம்: புரோகிரசிவ் ஹவுஸ் கலவை பற்றி ஒரு கேள்வி

இரணைமடுக்காற்று (கிளிநொச்சி)

எல்லோருக்கும் வணக்கம். கல்யாண மண்டபங்களிலும் பிறந்தநாள் விழாக்களிலும் டிஜே வேலை செய்கிறேன். அங்கே எவரும் புரோகிரசிவ் ஹவுஸ் என்கிற, மெல்ல மெல்ல வளரும் மின்னணு நடன இசையைக் கேட்பதில்லை. சினிமாப் பாட்டும் பைலாவும்தான் சோறு போடுகின்றன. வருகிற ஓகஸ்டில் வெளிநாட்டிலிருந்து வரும் ஓர் உறவுக் கூட்டம், முல்லைத்தீவுக் கடற்கரைக்குக் கிட்ட ஒரு தென்னந்தோட்டத்தில் மூன்று மணி நேரம் புரோகிரசிவ் ஹவுஸ் மட்டும் போடச் சொல்லியிருக்கிறது. எனக்கு உயிரான இசை அது. ஆகவே ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

சிக்கல் இதுதான். முதல் டிராக் 121 பிபிஎம் (நிமிடத்துக்கு 121 அடி), மென்பொருள் அதற்குக் காட்டும் சுருதி 7ஏ. அடுத்தது 124 பிபிஎம், 6ஏ. சுருதிகளுக்கு மணிக்கூடு போல 1 முதல் 12 வரை எண் கொடுக்கும் கமலாட் சக்கரத்தில் (ஏ என்றால் மைனர், பி என்றால் மேஜர்) இரண்டும் பக்கத்துப் பக்கம்; பக்கத்து எண்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டும். இரண்டாவதை 121-க்கு இறக்கி, ஒன்றரை நிமிடம் மெதுவாகக் கலக்கிறேன். தாளம் பிசகவில்லை. ஆனால் கேட்கச் சகிக்கவில்லை. வேறு டிராக்குகளில் 7ஏ-க்குப் பின் 6ஏ போட்டால் தேன் மாதிரி இருக்கிறது. இந்த இரண்டுக்கும் மட்டும் என்ன பகை?

பழைய ஒலிகாரர் (மாங்குளம்)

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். கீ லாக் போட்டிருக்கிறீர்களா? பயனியர் கருவிகளில் அதற்கு மாஸ்டர் டெம்போ என்று பெயர்.

அது இல்லாமல் வேகத்தை மாற்றினால் சுருதியும் கூடவே இழுபடும். ஓர் அரைச்சுரத்துக்கு 100 சென்ட். வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் மாறினால் ஓர் அரைச்சுரம் முழுதாக மாறிவிடும். நீங்கள் 124-ஐ 121-க்கு இறக்குவது சுமார் 2.4 சதவீதம். அதாவது 42 சென்ட். அது அரைச்சுரமும் இல்லை, அதே சுரமும் இல்லை; இரண்டுக்கும் நடுவில் ஒரு திரிசங்கு. அந்த இடத்தில் சக்கரத்தின் எந்த எண்ணும் உதவாது.

ரெக்கோர்ட் தட்டுக் காலத்தில் இதுதான் எங்களுக்குப் பெரிய தலையிடி. டெக்னிக்ஸ் 1200 எம்கே2-இல் வேக ஸ்லைடர் மேலும் கீழும் 8 சதவீதம் போகும். ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்தால் வித்தியாசம் இரண்டும் சேர்ந்துதான் வரும். ஒன்று +1, மற்றது −1 என்றாலே 35 சென்ட் இடைவெளி.

பனங்கூடல் (பூநகரி)

சினிமாப் பாட்டு டிஜேக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. ஒரு பாட்டை நிறுத்திவிட்டு, மைக்கில் "மணமக்களுக்கு ஒரு கைதட்டல்!" என்று கத்திவிட்டு அடுத்ததைப் போட்டால் சுருதி தானாகச் சேர்ந்துவிடும்.

இரணைமடுக்காற்று (கிளிநொச்சி)

கீ லாக் போட்டிருக்கிறேன் அண்ணா, இரண்டு பக்கமும். மற்றொன்றையும் கவனித்தேன். இரண்டாவது டிராக்கின் தாள ஒலிகளான வெறும் கிக்கும் ஹை ஹாட்டும் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. அதன் பின்னணிப் பேட் (நீண்டு நிற்கும் சுர ஒலி) உள்ளே வருகிற இடத்தில்தான் பல் கூசுகிறது.

நந்திக்கரை (முல்லைத்தீவு)

அப்படியானால் மென்பொருள் சுருதியைத் தவறாகக் கணித்திருக்கலாம். அது பாட்டைக் கேட்பதில்லை, எண்ணுகிறது. ஒலியின் அலைவரிசைகளைப் பிரித்து, எல்லா ஸ்தாயிகளையும் ஒன்றாக மடித்து, 12 சுரத்தானங்களில் எதில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று கூட்டுகிறது. பிறகு அந்தக் கூட்டுத்தொகையை 12 மேஜர், 12 மைனர் அச்சுகளோடு ஒப்பிட்டு, எது நெருங்கி வருகிறதோ அதன் பெயரை ஒட்டிவிடுகிறது. ஒரே பாஸ் சுரத்தில் நான்கு நிமிடம் நின்றுகொண்டிருக்கும் டிராக்கில் அதற்குக் கிடைக்கும் சாட்சி மிகவும் குறைவு. ஐந்தாம் சுரத்தைச் சுருதி என்று எண்ணிக்கொள்வதும், மைனரை அதன் துணை மேஜர் என்று சொல்வதும் அடிக்கடி நடக்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. கமலாட் எண் வேறு, ஓபன் கீ எண் வேறு. ஏ மைனர் கமலாட்டில் 8ஏ, ஓபன் கீயில் 1எம். நண்பர்களிடம் பென்ட்ரைவில் வாங்கிய கோப்புகளில் இரண்டு முறையும் கலந்து கிடக்கும். நான் மிக்ஸ் என்கிற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் ஒரே முறையில் மறுபடி கணிக்க விடுகிறேன்.

சுருதிப்பெட்டி (வவுனியா)

நான் டிஜே இல்லை, பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறேன். என் மகன் இந்தப் பக்கத்தைப் படிப்பான். இன்று நானும் வந்தேன்.

எண்ணை விட்டுவிட்டுச் சுரத்தைப் பிடியுங்கள். கைப்பேசியில் தம்பூரா செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். 7ஏ என்பது டி மைனர். நமது கணக்கில் 2 கட்டை. தம்பூராவை 2 கட்டையில் வைத்து, முதல் டிராக்கை அதனுடைய இயல்பான வேகத்தில் மெல்லிய சத்தத்தில் ஓட விடுங்கள். பாஸ் வந்து இறங்கி இளைப்பாறுகிற சுரம் தம்பூராவோடு ஒட்டுகிறதா? ஒட்டினால் அதுதான் ச. பிறகு மெட்டு மேலே ஏறும் இடத்தை நான்கு பார் (ஒரு பார் நான்கு அடி) லூப் போட்டு, வாய்விட்டு ச ரி க ம பாடிப் பாருங்கள். குறிப்பாகப் பஞ்சமத்துக்கு மேலே என்ன சுரம் வருகிறது என்று எழுதுங்கள். கூச்சப்பட வேண்டாம், அறைக் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

இரணைமடுக்காற்று (கிளிநொச்சி)

செய்து பார்த்தேன் ரீச்சர். பாஸ் 2 கட்டையோடு அப்படியே ஒட்டுகிறது. மெட்டு ச விலிருந்து க, ம, ப என்று ஏறி த வைத் தொட்டுத் திரும்புகிறது. நான் பாடியபோது த வை முதலில் இறக்கிப் பாடினேன், டிராக்கோடு உரசியது. அரைச்சுரம் ஏற்றினேன், சேர்ந்துவிட்டது. இதற்கு என்ன அர்த்தம்?

சுருதிப்பெட்டி (வவுனியா)

அந்த ஒரு தைவதத்துக்குள்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

மென்பொருள் "டி மைனர்" என்று சொல்லும்போது, இயல்பான மைனரை மனதில் வைத்துச் சொல்கிறது. அதன் சுரங்கள் நமது கர்நாடக சங்கீதத்தின் 20-ஆவது மேளமான (ஏழு சுர வரிசையான) நடபைரவியின் சுரங்கள். அதில் வருவது சுத்த தைவதம், கீழ்த் தைவதம். உங்கள் டிராக்கில் வருவது சதுஸ்ருதி தைவதம். மற்றச் சுரங்கள் அப்படியே இருக்க, அது ஒன்று மாறினால் 22-ஆவது மேளமான கரகரப்பிரியாவின் சுரங்கள் கிடைக்கும். மேற்கத்தியர் அதை டோரியன் என்பார்கள். சக்கரத்தில் டோரியனுக்குத் தனி இடம் கிடையாது. ஆகவே மென்பொருள் அதைப் பக்கத்தில் இருக்கும் மைனர் பெட்டிக்குள் போட்டு 7ஏ என்று எழுதிவிட்டது. பெட்டி பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

இப்போது இரண்டாவது டிராக்கைப் பாருங்கள். 6ஏ என்பது ஜி மைனர், 5 கட்டை. அது உண்மையிலேயே இயல்பான மைனர் என்றால் அதில் பி பிளாட்டும் ஈ பிளாட்டும் (அரைச்சுரம் இறங்கிய பி, ஈ) இருக்கும். உங்கள் முதல் டிராக்கில் இருப்பவை வெறும் பி, வெறும் ஈ. 2 கட்டையிலிருந்து பார்த்தால் சதுஸ்ருதி தைவதமும் சுத்த தைவதமும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. இரண்டு ரிஷபங்களும் அப்படியே. எந்தப் பாடகர் இதைப் பொறுப்பார்? சக்கரத்தின்படி பக்கத்து எண்ணில் ஒரு சுரம்தான் வேறுபட வேண்டும். உங்களுக்கு இரண்டு வேறுபட்டுவிட்டன. அந்தப் பேட் நீண்டு நிற்கிற ஒலி என்பதால் உரசலை மறைக்கவும் வழி இல்லை.

எதிர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். 8ஏ, ஏ மைனர், 6 கட்டை. டி டோரியனின் ஏழு சுரங்களும் ஏ மைனரின் ஏழு சுரங்களும் ஒன்றுதான், தொடங்கும் இடம் மட்டும் வேறு. நமக்கு இது புதிதில்லை, கிரகபேதம். சங்கராபரணத்தின் ரி யை ச ஆக்கினால் கரகரப்பிரியா, த வை ச ஆக்கினால் நடபைரவி. சக்கரத்தில் 8ஏ-யும் 8பி-யும் ஒரே எண்ணில் இருப்பதற்கும் காரணம் அதுதான்: சி மேஜர் சங்கராபரணம், அதன் த விலிருந்து தொடங்கினால் ஏ மைனர். ஓர் எண் கூடினால் ச விலிருந்து ப வுக்குப் போகிறீர்கள், ஓர் எண் குறைந்தால் ச விலிருந்து ம வுக்கு. சக்கரம் முழுவதும் இவ்வளவுதான்.

தொலைதூரன் (இலண்டன், சொந்த ஊர் மல்லாவி)

ரீச்சர், மரியாதையோடு ஒரு மறுப்பு. புரோகிரசிவ் ஹவுஸில் கரகரப்பிரியா இருக்கிறது என்று நம்மவர் மேடை ஏறிச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். இராகம் என்றால் கமகம், பிடி, நடை எல்லாம் வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் உருவான இந்த இசையில், டிஜேக்கள் சாஷாவும் ஜான் டிக்வீடும் மணிக்கணக்காக வாசித்த இரவுகளில், எவரும் மேளகர்த்தா எண்ணிக்கொண்டு நிற்கவில்லை. அவர்கள் கேட்டார்கள், பொருந்தியதைப் போட்டார்கள். கமலாட் சக்கரத்தை வகுத்த மார்க் டேவிஸும் பழைய ஐந்தாம் சுர வட்டத்துக்கு மணிக்கூட்டு எண் ஒட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

சுருதிப்பெட்டி (வவுனியா)

இராகம் என்று நான் எழுதவில்லை தம்பி, சுரங்கள் என்றுதான் எழுதினேன். மற்றபடி உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இரணைமடுக்காற்று (கிளிநொச்சி)

8ஏ-யில் ஒரு டிராக் எடுத்து அதே இடத்தில் கலந்து பார்த்தேன். இரண்டு பேட்களும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கிடக்கின்றன, எது எந்த டிராக் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை! பழைய 6ஏ-யைத் தூக்கி எறிய மனம் இல்லை. அதை எப்படிக் கொண்டுவருவது?

தொலைதூரன் (இலண்டன், சொந்த ஊர் மல்லாவி)

அதற்கு நான் பதில் சொல்கிறேன். ஒரு டிராக்குக்கு ஒரு சுருதி என்று நினைப்பதை விடுங்கள். கலவையின் ஒவ்வொரு கணத்திலும் எந்த ஒலியோடு எந்த ஒலி சந்திக்கிறது என்பதுதான் விடயம். புரோகிரசிவ் டிராக் ஏழெட்டு நிமிடம் ஓடும். முதல் ஒரு நிமிடம் பெரும்பாலும் தாளம் மட்டும். 122 பிபிஎம்மில் 32 பார் ஓடி முடிய ஏறக்குறைய 63 வினாடி. உங்கள் 6ஏ-யின் தாளப் பகுதி அவ்வளவு நீளம் என்றால், முதல் டிராக்கின் மெட்டு மூச்சு விடுவதற்குள் அதை முழுவதும் உள்ளே கொண்டுவந்து, பேட் தொடங்கும் பார் வரும்போது முதல் டிராக்கை வெளியே அனுப்பிவிடலாம். கிக்கும் ஹை ஹாட்டும் சந்தித்தால் சண்டை இல்லை.

பாஸ் மட்டும் கவனம். ஒரே சுருதியாக இருந்தாலும் இரண்டு பாஸ் சேர்ந்து ஓடக் கூடாது. உள்ளே வருவதன் கீழ் ஈக்யூவை (பாஸ் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை) முற்றாக மூடிவைத்து, 16 அல்லது 32 பார் முடியும் எல்லையில் ஒன்றை மூடி மற்றதைத் திறக்க வேண்டும். கீழ் ஒலி கைமாறும் அந்த ஒரு பீட்டில்தான் கூட்டத்தின் உடம்பு "அடுத்த பாட்டு வந்துவிட்டது" என்று அறிந்துகொள்கிறது.

இரணைமடுக்காற்று (கிளிநொச்சி)

நன்றி அண்ணா. இனி வேகம். 120-இல் தொடங்கி 125-இல் முடிக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு டிராக்கின் வேகத்தையும் அடியையும் தானாகப் பொருத்தும் சிங்க் பொத்தானை அழுத்தினால் "நீ டிஜேயா?" என்று கேட்கிறார்கள்.

நந்திக்கரை (முல்லைத்தீவு)

கேட்பவர்கள் கேட்கட்டும். இந்த இசை கணினியில் செய்யப்படுவது, வேகம் முழுவதும் மாறாமல் நிற்கும். சிங்க் இதற்காகவே பிறந்தது. ஆனால் அடிகள் எங்கே விழுகின்றன என்று மென்பொருள் டிராக்கின் மேல் போடும் கட்டத்தைச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள். 122 என்று செய்யப்பட்ட டிராக்கை மென்பொருள் சில வேளை 121.99 என்று படிக்கும். எட்டு நிமிட முடிவில் அது கிட்டத்தட்ட 40 மில்லி வினாடி பிசகு. கலவை தொடங்குவதே டிராக்கின் கடைசியில்தானே. ஆகவே கட்டத்தின் முதல் பீட்டைப் பார்த்தவுடன் கடைசி பீட்டையும் போய்ப் பாருங்கள்.

தொலைதூரன் (இலண்டன், சொந்த ஊர் மல்லாவி)

சிங்க் வேண்டாம் என்று நான் சொல்வது வீம்புக்காக இல்லை. அது கைவிடும் இரவு ஒன்று வரும், அன்று காது பழகியிருக்க வேண்டும். மல்லாவியில் பக்கத்துப் பக்கத்து வயலில் இரண்டு தண்ணீர்ப் பம்பிகள் ஓடும்போது கேட்டிருப்பீர்கள். சிறிது நேரம் ஒன்றாய் அடிக்கும், பிறகு ஒன்று நழுவும், இரட்டைச் சத்தமாகும், மறுபடி சேரும். இரண்டு கிக்குகளும் அதே மாதிரித்தான் பிரியும். பிரிவதற்கு முன்னால் சத்தம் கொஞ்சம் மெலிந்து வெறுமையாகும். அந்த மெலிவைக் கேட்கும் காது வந்துவிட்டால் திரை தேவையில்லை.

கணக்கும் சொல்கிறேன். 122-இல் ஒரு பீட் 492 மில்லி வினாடி. வேக வித்தியாசம் 0.1 பிபிஎம் என்றால் ஒரு நிமிடத்தில் 49 மில்லி வினாடி நழுவும். சினிமாப் பாட்டில் பத்து வினாடியில் மாற்றிவிடுவீர்கள், எவருக்கும் தெரியாது. இங்கே ஒன்றரை நிமிடக் கலவை, கட்டாயம் தெரியும்.

நந்திக்கரை (முல்லைத்தீவு)

அதில் கருவியின் பங்கும் இருக்கிறது அண்ணா. மலிவான கன்ட்ரோலர்கள் சிலவற்றில் வேக ஸ்லைடர் 128 படிகளாகத்தான் கணினிக்குப் போகிறது. எல்லை ±8 சதவீதம் என்றால் ஒரு படி 0.125 சதவீதம், 122-இல் 0.15 பிபிஎம். இரண்டு படிகளுக்கு நடுவில் நிற்கவே முடியாது, காது எவ்வளவு நல்லதாக இருந்தாலும். மென்பொருளில் எல்லையை ±4-க்குக் குறைத்துவிட்டால் படி பாதியாகிவிடும். இந்த இசைக்கு ±4 போதும்.

பழைய ஒலிகாரர் (மாங்குளம்)

120-இலிருந்து 125-க்கு ஏற்றுவது பற்றி. மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய முப்பது டிராக் வரும். ஒவ்வொன்றிலும் சம அளவாக ஏற்ற வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் 120, 121-க்குள் நில்லுங்கள், ஆட்கள் கொத்துரொட்டி சாப்பிட்டு முடிக்கட்டும். பிறகு தாளம் மட்டும் ஓடும் இடங்களில் 0.1, 0.2 என்று நகர்த்துங்கள். மெட்டு தனியாக நிற்கும் பிரேக்டவுனில் ஸ்லைடரைத் தொடக் கூடாது, கீ லாக் இருந்தாலும். நீண்ட சுரம் நடுங்குவது தெரியும்.

கீ லாக்கை மறந்தீர்களோ, 125-க்குச் செய்த டிராக்கை 120-இல் ஓட விடும்போது 71 சென்ட் இறங்கிவிடும். 8ஏ என்று எழுதியிருப்பது 1ஏ-க்குக் கிட்டப் போய்விடும். சக்கரத்தில் ஐந்து வீடு தள்ளி!

பனங்கூடல் (பூநகரி)

தென்னந்தோட்டத்தில் மின்சாரம் ஜெனரேட்டரிலா? அது திணறினால் பாட்டின் வேகமும் குறையுமோ?

பழைய ஒலிகாரர் (மாங்குளம்)

நல்ல கேள்விதான், சிரிக்க வேண்டாம். சில பழைய ரெக்கோர்ட் பிளேயர்களில் மோட்டார் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றும். ஜெனரேட்டர் சோர்ந்தால் பாட்டும் சோரும். டெக்னிக்ஸ் 1200 எம்கே2 குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் சுற்றுவது, அதற்கு அந்த நோய் இல்லை. மடிக்கணினிக்கும் இல்லை. ஆனால் பெரிய கிக் விழும்போதெல்லாம் விளக்கு மங்கினால் ஜெனரேட்டர் போதாது என்று அர்த்தம். அம்ப்ளிபயருக்கும் விளக்குகளுக்கும் வெவ்வேறு ஜெனரேட்டர் பிடியுங்கள்.

நீங்கள் எவரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். திறந்த வெளியில் வேகம் பிடிக்கத் தெரிந்தவனையே கவிழ்ப்பது தூரம். நமது வெக்கையில் ஒலி வினாடிக்கு 350 மீற்றர் அளவில் போகும். ஸ்பீக்கர் மேசையிலிருந்து 20 மீற்றர் தள்ளி இருந்தால் அங்கிருந்து உங்கள் காதுக்கு வர 57 மில்லி வினாடி. ஹெட்போனில் இருப்பது உடனே வருகிறது. ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் தூரத்து ஸ்பீக்கர் என்று வைத்து அடியைப் பொருத்தினால், உங்களுக்குச் சரியாகக் கேட்பது ஆடுகிறவர்களுக்கு இரட்டைக் கிக்காகக் கேட்கும். மேசைக்குப் பக்கத்தில், காது உயரத்தில், ஒரு மொனிட்டர் கட்டாயம் வேண்டும்.

இரணைமடுக்காற்று (கிளிநொச்சி)

வாடகைக்கு எடுக்கும் இடத்தில் மொனிட்டர் இல்லை என்கிறார்கள். இரண்டு பெரிய ஸ்பீக்கரும் சப்பும் மட்டும்தான்.

பழைய ஒலிகாரர் (மாங்குளம்)

அப்படியானால் ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டுங்கள். கியூ மிக்ஸ் குமிழை நடுவில் வைத்தால் ஓடுகிறதும் வரப்போகிறதும் இரண்டும் ஹெட்போனுக்குள்ளேயே கேட்கும். பொருத்தத்தை அதற்குள் முடித்துவிட்டு, ஃபேடரை ஏற்றும்போது ஒரு காதைத் திறந்தால் போதும். அப்போதும் அடியைக் கேட்பதற்கு இல்லை, சத்த அளவைக் கேட்பதற்கு. இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு பழைய 12 அங்குலப் பெட்டி கிடக்கிறது, கோன் மாற்றியது. முல்லைத்தீவுக்குப் போகும் வழியில் மாங்குளம் சந்தியில் நின்று தனிமடல் போடுங்கள், ஏற்றிவிடுகிறேன்.